மாமனார் பெயரில் பட்டா: கொழுந்தனார் கையெழுத்து இல்லாமல் என் பெயரைச் சேர்க்க முடியுமா?

திருவண்ணாமலை மாவட்டம், 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. அவர் 2016இல் காலமானார். என் கணவர் 2022 ஆடியில். பாகப்பிரிவினை நடக்கவில்லை. அன்றிலிருந்து நெல்லும் வேர்க்கடலையும் நான்தான் பயிரிடுகிறேன். இரண்டு பெண் பிள்ளைகள்.

சிட்டாவில் பெயர் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டத்திலும் சேர முடியவில்லை. நாற்று நடும்போது யாரும் என்னிடம் பட்டா கேட்டதில்லை!

இருவருக்கும் வாரிசுச் சான்று வாங்கிவிட்டேன். இ-சேவை மையம் வழியாக இரண்டு முறை விண்ணப்பித்தேன். 'மற்ற வாரிசுகளின் ஒப்புதல் இல்லை' என்று இரண்டும் தள்ளுபடி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, சுற்றிவந்து அதே மேசைக்கே போனது. நாத்தனார் சம்மதித்துவிட்டார். கொழுந்தனார் மட்டும், "பெண் பிள்ளைகளுக்கு நிலம் எதற்கு?" என்கிறார். கிராம நிர்வாக அலுவலரோ, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனிப் பட்டா கேட்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல், வாரிசுச் சான்றை மட்டும் வைத்துக் கூட்டுப் பட்டாவில் என் பெயரையும் மகள்கள் பெயரையும் சேர்க்க வழி இருக்கிறதா, அல்லது பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டுமா?