தகுதி இல்லைன்னு நினைச்ச வேலை வந்து கூப்பிட்டப்போ

எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தைப் பற்றி எழுதவில்லை, தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2015 தொடக்கத்தில் கூடப் படித்த தோழி போன் செய்தாள். “மெடிக்கல் கோடிங்குக்கு ஆள் எடுக்கிறாங்கடி, சுவாலஜி போதுமாம், வர்றியா?” கோடிங் என்றதும் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று நினைத்து, எக்செல்லே எனக்குத் தகராறு, ஆளை விடு என்றேன்.

அவள் விடவில்லை. இது புரோகிராமே இல்லை என்றாள். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று அதற்குரிய குறியீட்டைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். தப்பாகப் போட்டால் கிளெய்ம் திரும்பி வரும். வேண்டியதெல்லாம் உடற்கூறியல், இங்கிலீஷ் வாசிப்பு, பொறுமை. ரேடியஸ், அல்னா, ஃபீமர் என்று போர்டில் வரைந்து வரைந்து கை தேய்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லையே!

இருந்தாலும் பயம். இன்டர்வியூவுக்கு வந்த எல்லாரும் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகன். வீட்டில் மாமியார் கேட்ட முதல் கேள்வி “ராத்திரி வேலையா?” என்பதுதான். இல்லை. அமெரிக்க இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போன் போட்டுப் பேசுகிற ஏ.ஆர். காலர்களுக்குத்தான் நைட் ஷிஃப்ட். கோடிங்கில் பெரும்பாலும் பகல் வேலை.

அந்த வருஷம் ஏன் என்னைப் போன்றவர்களைக்கூடக் கூப்பிட்டார்கள் என்பது பயிற்சியில்தான் புரிந்தது. அமெரிக்கா ஐ.சி.டி.-9 என்ற பழைய நோய்க் குறியீட்டு முறையை விட்டு ஐ.சி.டி.-10க்கு மாறப்போகிறது. 2013இல் மாறுவதாக இருந்தது, 2014க்குத் தள்ளிப்போய், கடைசியில் 2015 அக்டோபர் 1 என்று முடிவானது. சுமார் 14,000 குறியீடுகள் இருந்த இடத்தில் சுமார் 69,000. பழைய ஆட்கள் சர்க்கரை என்றால் 250.00, ரத்தக்கொதிப்பு என்றால் 401.9 என்று தூக்கத்திலும் சொல்வார்கள். இனி அது E11.9, I10. பழைய முறையில் கை முறிவு என்றால் எந்தக் கை என்று கேட்காது. புதியதில் இடதா வலதா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா, பின்விளைவா, எல்லாம் வேண்டும். ஆமை இடித்துக் காயம்பட்டால்கூடத் தனிக் குறியீடு உண்டு, நம்புங்கள்: W59.22.

எங்கள் டிரெய்னர் சொன்னார்: “அக்டோபர் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் இங்க சீனியர்னு யாரும் கிடையாது.” அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் திறமையைப் பார்த்துக் கூப்பிடவில்லை, ஆள் பற்றாக்குறையால் கூப்பிட்டார்கள். இதைச் சிலர் அவமானமாக நினைப்பார்கள். எனக்கு அதுதான் தெம்பு கொடுத்தது. யாரையும் ஏமாற்றி உள்ளே வரவில்லை என்று தோன்றியது.

*

அந்தச் சகோதரிக்கு விதிகள் புதிதாக மாறிய இடத்தில் வழி திறந்தது. எனக்கு நேர் எதிர். எல்லாரும் செத்துப்போனது என்று கைவிட்ட ஒன்றில் திறந்தது.

1998. சி.ஏ. இன்டரில் ஒரு குரூப்போடு நின்றுபோய், சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தேன். எங்கள் கிளையன்ட் ஒருவர் மென்பொருள் நிறுவனம் நடத்திவந்தார். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஒய்டுகே வேலை அவரிடம் வந்திருந்தது. பழைய கோபோல் புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் வைத்திருப்பார்கள், 97, 98 என்று. 2000 வந்தால் 00. அதைத் திருத்த வேண்டும். கோபோல் 1959இல் வந்த மொழி. பொறியியல் படித்த பையன்கள் ஜாவா, விஷுவல் பேசிக் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதக் கோர்ஸ் படித்துவிட்டு வந்தவர்களால் திருத்த முடிந்தது, ஆனால் வருகிற தொகை சரியா என்று சொல்ல முடியவில்லை. “நீங்க கணக்கு பார்க்கிறவர்தானே, வந்து ரிசல்ட்டை மட்டும் பாருங்க சார்” என்றார். டாலி என்கிற கணக்கு மென்பொருளைத் தாண்டி எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றேன். அது தெரிந்துதான் கூப்பிடுகிறேன் என்றார்.

முதல் வாரமே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 97இல் போட்ட டெபாசிட் 2000இல் முதிர்கிறது. புரோகிராம் 00இலிருந்து 97ஐக் கழிக்கிறது. மைனஸ் 97 வர வேண்டும். ஆனால் விடை போய் உட்காருகிற இடத்தில் பிளஸ் மைனஸ் குறிக்கே இடம் ஒதுக்கவில்லை. மைனஸ் உதிர்ந்து வெறும் 97 நிற்கிறது. மூன்று வருஷ டெபாசிட்டுக்கு 97 வருஷ வட்டி! பையன்களுக்கு அது ஒரு எண். எனக்கு அந்தத் தொகையைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. பிழை எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிழை இருக்கிறது என்று தெரியும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிறகு 2000 பிப்ரவரி 29. நூறால் வகுபடும் வருஷம் லீப் இல்லை என்று பாதி விதியை மட்டும் எழுதிய புரோகிராம்கள் இருந்தன. நானூறால் வகுபட்டால் லீப் என்கிற மீதியை விட்டிருந்தார்கள். அதையும் சோதித்துக் கொடுத்தோம்.

ஒய்டுகே முடிந்ததும் ஏராளமான பேர் வீட்டுக்குப் போனார்கள், 2001 மோசமான வருஷம். நான் அதற்குள் மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் வேலைகளை ஓட்டுகிற ஜே.சி.எல். கற்றிருந்ததால் தப்பினேன். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பழைய மெயின்ஃபிரேமை அவ்வளவு சுலபமாகத் தூக்கிப்போடுவதில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். அன்றைக்கு என் பழைய சகாக்கள் எல்லாருக்கும் அந்தச் செய்தியை அனுப்பினேன், கொஞ்சம் கர்வத்தோடுதான்.

*

நம்ம கதை சின்னதுங்க. கோயமுத்தூர் கணபதி பக்கம், பம்ப் ஷாஃப்ட் ஓட்டுற பட்டறை. பத்தாவது முடிச்சுட்டு லேத்துல நின்னவன். முதலாளி கம்ப்யூட்டர் சொல்றபடி தானா வெட்டுற சி.என்.சி. மிஷின் இறக்கி, டிப்ளமோ படிச்ச பையன ஒருத்தனப் போட்டாரு. அவன் ரெண்டு மாசத்துல வேற பக்கம் போயிட்டானுங்க. “ஏப்பா, நீ பாக்கறியா?”ன்னாரு. எனக்கு இங்கிலீஷ் வராதுங்களேன்னு சொன்னேன். “மிஷினுக்கு மட்டும் வருமாக்கும்?”னு கேட்டாரு.

உள்ள பாத்தா இங்கிலீஷே இல்லைங்க. ஜி00ன்னா வெட்டாம வேகமா நகரும், ஜி01ன்னா வெட்டிக்கிட்டு நேரா போகும், எம்03ன்னா ஸ்பிண்டில் சுத்தும், எம்30ன்னா புரோகிராம் முடிஞ்சது. கையில பண்ணுன வேலையத்தான் எழுதி வெச்சிருக்காங்க. டூல் எத்தன ஃபீடுல போனா தாங்கும், வெட்டுறப்ப இரும்புச் சுருள் நீலமா வந்தா சூடு ஏறுதுன்னு அர்த்தம், சத்தம் மாறுனா டூல் நுனியில இருக்கற இன்செர்ட் போகப்போகுது, இதெல்லாம் மிஷின் புத்தகத்துல இல்லைங்க, லேத்துல நின்னவனுக்குத்தான் தெரியும். மொத நாள் ஷாஃப்ட்டப் பிடிச்சுச் சுத்தற சக்குல டூல் போய் முட்டிருமோன்னு ஸ்டாப் பட்டன்மேலயே கைய வெச்சுட்டு நின்னேன். இப்பவும் புது புரோகிராம்னா அப்படித்தானுங்க நிப்பேன்.

சம்பளம் உடனே ஏறலைங்க, அதையும் சொல்லிப்போடறேன். மிஷின் ஓட்டக் கத்துக்கிட்டு வேற பட்டறைக்குப் போறேன்னு சொன்னப்பறந்தான் ஏறுச்சு.

*

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கோடிங் பற்றி எழுதிய அக்காவுக்கு ஒரு கேள்வி. ஒரு கன்சல்டன்சியில் வேலை நிச்சயம், ஆனால் முன்பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். இதையும் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

*

தம்பி, கட்டாதீங்க. இது தன்னம்பிக்கை சம்பந்தப்பட்டதே இல்லை. ஆள் தேவைப்படுகிறவர்கள் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்கள். பயிற்சிக்குப் பணம் வாங்குகிற இடங்கள் உண்டு, அது வேறு. “வேலை நிச்சயம்” என்று சொல்லி முன்பணம் கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். நேரடியாக ஃப்ரெஷர் எடுக்கிற கம்பெனிகளின் வாக்-இன்னுக்குப் போங்கள், மனித உடற்கூறியலிலும் மருத்துவச் சொற்களிலும்தான் கேட்பார்கள். சேர்ந்தபிறகு சி.பி.சி. என்கிற கோடிங் சான்றிதழ் தேர்வு எழுதுங்கள். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. தினசரி இத்தனை சார்ட், அதாவது நோயாளிக் குறிப்பு, முடிக்க வேண்டும் என்று டார்கெட் உண்டு, முதல் சில மாதம் கண் எரியும்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11ஐ 2022 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா இன்னும் மாறவில்லை. மாறுகிற அன்றைக்கு எனக்கு மனப்பாடமான E11.9 எல்லாம் போச்சு, நானும் நீங்களும் ஒரே பெஞ்சு. அதற்குள் உள்ளே வந்து உட்காருங்கள். ரெஸ்யூமே எழுதத் தடுமாறினால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.