ஆச்சி வீட்டுக் குழு: வாடகை வீட்டுச் சாமானுக்குக் காப்பீடு

நான்: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வீடு முடிந்துவிட்டது. கீழ்த்தளம், காற்று நன்றாக வருகிறது. மூன்று மாத வாடகை அட்வான்ஸ். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம், எல்லாரும் வந்துவிடுங்கள்.

ஆச்சி: நல்லபடியாக இரு ஐயா. ஆறு எவ்வளவு தூரம்?

நான்: நடந்து போகிற தூரம்தான் ஆச்சி.

ஆச்சி: தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகனையே மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உன் கட்டில், பீரோவை யார் தூக்குவார்கள்?

அத்தை: அம்மா கேட்பது சரி. 2023 டிசம்பர் 17, 18-ல் நான் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால், பிரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது. தையல் மிஷினின் பாபின் பெட்டிக்குள் வண்டல் இறுகிப்போய், ஊசியால் தோண்டியும் வரவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த சேலைகள் எல்லாம் ஒரே சேற்று நிறம். மருமகனே, சாமான்களுக்குக் காப்பீடு எடுத்துவிட்டுக் குடியேறு.

நான்: வீட்டு உரிமையாளர் காப்பீடு வைத்திருக்கிறாராம் அத்தை.

அத்தை: அது அவருடைய சுவருக்கும் கூரைக்கும். உன் டிவி நனைந்தால் அந்த பாலிசியில் உனக்கு ஒரு பைசா வராது. என் வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர், அந்த மாத வாடகையே வேண்டாம் என்றார். சாமானுக்கு அவர் என்ன செய்வார்?

பெரியப்பா: அரசாங்கம் நிவாரணம் கொடுத்ததே அம்மா.

அத்தை: கொடுத்தார்கள் அண்ணா. கடுமையாகப் பாதித்த பகுதிகளில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய். அன்றைக்கு அடுப்பு எரிந்தது அதனால்தான், மறக்கமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்க முடியுமா?

அக்கா (சென்னை): தம்பி, இது நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிற விஷயம், அதனால் சொல்கிறேன். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று ஒரு பாலிசி, 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது, ஆகவே எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் அடங்கும். காப்பீட்டுத் தொகையை இன்று புதிதாக வாங்கும் விலைக்கு வை, பழைய விலைக்கு வைக்காதே. சாமான்களுக்கு மட்டும் என்றால் பிரீமியம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான்.

நான்: திருட்டு?

அக்கா (சென்னை): இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாய், வெள்ளம் வந்த ஏழு நாளுக்குள் அதைச் சாக்காக வைத்து யாரோ புகுந்து எடுத்தால் பாலிசியில் வரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் வராது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டும். நகைக்கும் தனியாக மதிப்புச் சொல்லி எழுத வேண்டும். ரொக்கம் கிடையாது, வண்டி கிடையாது.

பெரியப்பா: கீழ்த்தளம் என்பதால்தானே இவ்வளவும்? மாடியில் இருந்தால் வேண்டாம்தானே?

அக்கா (சென்னை): மாடியில் தீப்பிடிக்காதா பெரியப்பா? தம்பி, கேஸ் இணைப்பையும் புது முகவரிக்கு மாற்றிவிடு. சிலிண்டர் விபத்தில் சொத்து சேதமானால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆனால் இணைப்பு பதிவாகியுள்ள முகவரியில் நடந்திருக்க வேண்டும். வாடகைக்கு வீடு மாறுகிறவர்கள் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, எனக்கு வயிறு எரிகிறது.

நான்: பைக்?

அக்கா (சென்னை): பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் வராது. முழுக் காப்பீடு இருக்கிறதா என்று பார்.

அத்தை: உன் மனைவி தைக்கிறாளே, அந்த மிஷின்?

அக்கா (சென்னை): நல்ல கேள்வி அத்தை. வீட்டுப் பாலிசி குடும்பத்தின் சாமானுக்கு. தொழிலுக்கு வைத்திருக்கும் மிஷினையும், தைக்கக் கொடுத்த பிறருடைய துணிகளையும் அதில் அடங்கும் என்று நீயாக எண்ணிக்கொள்ளாதே. சிறு தொழிலுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று தனிப் பாலிசி இருக்கிறது, அதையும் விசாரி.

அத்தை: இன்னொன்று. வெள்ளம் வந்து போனதும் நாங்கள் எல்லாரும் முதலில் செய்தது, சேற்றை அள்ளி, கெட்டதைத் தெருவில் போட்டது. காப்பீடு வைத்திருப்பவர் அப்படிச் செய்யலாமா?

அக்கா (சென்னை): கூடாது. முதலில் ஒவ்வொரு அறையையும் படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். தண்ணீர் ஏறிய கறை சுவரில் தெரிய வேண்டும். உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட சாமானை ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். பில்களைப் படம் பிடித்து இப்போதே மின்னஞ்சலில் போட்டு வை. காகிதம் அதே வீட்டில் இருந்தால் அதுவும் நனையும்.

நான்: சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் எழுதிவிடுகிறேன்.

ஆச்சி: என் ஆட்டுக்கல்லையும் எழுது. அது உன் வீட்டில்தானே இருக்கிறது.

நான்: எழுதுகிறேன் ஆச்சி.

அத்தை: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அதற்கு முன்னால் பணம் கட்டு. பாலிசி வந்ததும், எதற்கெல்லாம் பணம் வராது என்ற விதிவிலக்குகள் இருக்கும் பக்கத்தை முதலில் குழுவில் போடு. நானும் உன் அக்காவும் சேர்ந்து படிக்கிறோம்.