வெற்றிடத்துல உலோகம் தானா ஒட்டிக்கிறதுக்கு என்ன சொல்லலாம்?

ஐயா வணக்கம், வெற்றிடத்துல ரெண்டு உலோகம் தானா ஒட்டிக்கிறதுக்கு (ஆங்கிலத்துல cold welding) நீங்க எழுதின ‘குளிர் பற்றவைப்பு’ங்கிற சொல் எனக்கு ஒத்துவரலை. பற்றவைக்கிறதுன்னா ஒருத்தர் செய்யணும், நெருப்பு இருக்கணும். இங்க ரெண்டுமே இல்ல. குளிரும் கிடையாது, சூடு பண்ணலைங்கிறது மட்டும்தான்.

காத்துல இருக்கிற பெரும்பாலான உலோகங்கள் மேல ஆக்ஸைடு படலம் (ஆக்சிஜனோட சேர்ந்து உண்டாகிற தோல்) மெல்லிசா படிஞ்சிருக்கும், தேஞ்சுபோனாலும் உடனே திரும்ப வந்துடும். வெற்றிடத்துல ஆக்சிஜன் இல்லாததால தேஞ்சது தேஞ்சதுதான், அப்புறம் சுத்தமான ரெண்டு பரப்பு அழுந்தி உரசுச்சுன்னா அணுக்களுக்கு நடுவுல எல்லைன்னு ஒண்ணு இல்லாம ஒரே துண்டா ஆயிடும். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தோட பெரிய ஆன்டெனாவை 1991 ஏப்ரல்ல விரிச்சப்போ பாதி விரிஞ்ச குடை மாதிரி நின்னுபோச்சே, அதுக்கும் இதைத்தான் காரணமா சொல்றாங்க, லாரியில ஊர் ஊரா கொண்டுபோனதுல ஆன்டெனா கம்பிகள்ல இருந்த பின்கள் (pins) மேல பூசின மசகு தேஞ்சு உலோகத்தை உலோகம் பிடிச்சுக்கிச்சு. கடைசிவரைக்கும் விரியவே இல்ல, சின்ன ஆன்டெனாவை வச்சுத்தான் வியாழன்லேர்ந்து தகவல் அனுப்பினாங்க.

வேணும்னே செய்ற வெல்டிங் வேற விஷயம். 1969 அக்டோபர்ல சோவியத் விண்கலம் சோயுஸ் 6-ல விண்வெளி வீரர் குபாசோவ் ‘வுல்கான்’ங்கிற வெல்டிங் கருவியை ஓட்டினாரு, கீவ்ல பட்டோன் நிறுவனம் செஞ்சது. 1984 ஜூலைல விண்வெளி வீராங்கனை சவீத்ஸ்கயா சல்யுத் 7 விண்வெளி நிலையத்துக்கு வெளியில வந்து கையிலேயே எலெக்ட்ரான் கற்றைக் கருவியைப் பிடிச்சு வெட்டி, ஒட்டி, பூச்சும் பூசினாங்க, எனக்கு இது இன்னிக்கும் பிரமிப்பாத்தான் இருக்கு. காத்து இருந்தா எலெக்ட்ரான் சிதறிடும், அதனால தரையில இதுக்குன்னு காத்தை உறிஞ்சின அறை வேணும், விண்வெளியில வெற்றிடம் சும்மாவே கிடைக்குது. இதுக்கு ‘வெற்றிடப் பற்றவைப்பு’ சரியா இருக்கும், உருக்குறதும் உண்டு, செய்ற ஆளும் உண்டு.

தானா நடக்கிறதுக்கு ‘தன்னொன்றல்’னு வச்சுக்கலாம்னு நினைக்கிறேன். ‘ஒட்டல்’னா பசை ஞாபகம் வருது, ‘ஒன்றல்’ல ரெண்டும் ஒண்ணாப் போறது நேராவே இருக்கு, வினையாவும் வரும்: ‘பின்கள் தன்னொன்றிவிட்டன’. தரையில சூடு பண்ணாம அழுத்தி வேணும்னே உலோகத்தை ஒட்டறதுக்கு மட்டும் ‘தன்’ பொருந்தாது, அதுக்கு ‘அழுத்த ஒன்றல்’னு தனியா வச்சா போதும். பட்டறையில ஸ்டெயின்லெஸ் நட்டு போல்ட்ல ஏறி சிக்கிக்கிட்டா ‘பிடிச்சுக்கிச்சு’ன்னுதான் சொல்றாங்க, அதுல ஏதாவது சொல் எடுக்க முடியுமான்னும் பாத்து எழுதுங்க ஐயா.