பதற்றத்துக்கு மாத்திரை ஆரம்பிச்ச பிறகு உங்க பிள்ளைகிட்ட என்ன மாறிச்சு?

பெரம்பூர் அம்மா:
பொண்ணு எட்டாவது படிக்கிறா. காலையில வேன் ஹார்ன் சத்தம் கேட்டாலே வயித்து வலி, வாந்தி. ஸ்கேன் வரைக்கும் எடுத்தாச்சு, வயித்துல ஒண்ணுமில்லை. கடைசியில குழந்தைகள் மனநல டாக்டர்தான் பதற்றக் கோளாறுன்னு சொல்லி, கவுன்சலிங்கோட செர்ட்ராலின் 25 மில்லிகிராம் ஆரம்பிச்சார். முதல்ல கொஞ்சம் குமட்டல், வேற மாற்றமே இல்லை. சில வாரம் போன பிறகுதான் அழாம வேன் ஏறினா. அப்புறம் டோஸ் ஏத்தினாங்க. போன வாரம் அவ வளர்த்த லவ் பேர்ட்ஸ்ல ஒண்ணு செத்துப்போச்சு. எட்டிப் பார்த்துட்டு, "சரி, கூண்டை நான் கழுவிடறேன்"னா. அவ்வளவுதான். தெருவுல நாய் நொண்டினா சோறு இறங்காத பொண்ணு அவ! மாமியார் "பக்குவம் வந்துடுச்சு"ங்கிறாங்க. எனக்கு அப்படித் தோணலை. வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?

மடிப்பாக்கம் அப்பா:
எங்க வீட்ல நேர் எதிர், சிஸ்டர். பையனுக்கு 9 வயசு, ஃப்ளூவாக்ஸெடின். வாட்ச்மேன்கிட்ட வணக்கம் சொல்லவே என் பின்னாடி ஒளியறவன், மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அசோசியேஷன் செகரெட்டரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கலாய்க்கிறான். ராத்திரி 12 மணிக்கு சோபாவுல குதிக்கிறான். பயத்தோட சேர்த்து பிரேக்கும் போயிடுச்சு. பெரிய பசங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும், ஆரம்பத்துலயும் டோஸ் ஏத்தும்போதும்தான் கவனிக்கணும்னு டாக்டர் சொன்னார். குடும்பத்துல யாருக்காவது பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்) இருக்கான்னும் துருவிக் கேட்டார். டோஸ் குறைச்சதும் அடங்கிச்சு.

தாம்பரம் காலேஜ் பொண்ணு:
ஆன்ட்டி, ப்ளஸ் ஒன்ல எனக்கு எஸ்சிடலோபிராம் கொடுத்தாங்க. டோஸ் ஏறினப்போ உங்க பொண்ணு மாதிரிதான் ஆனேன். சோகம்னு சொல்ல முடியாது. பிரெண்ட்ஸ் சிரிக்கும்போது இது சிரிக்கற இடம்னு புரியும், சிரிப்பு வராது. அதுல கஷ்டமும் தெரியாததால யார்கிட்டயும் சொல்லணும்னே தோணலை. பிள்ளை வந்து சொல்லும்னு காத்திருக்காதீங்க. டாக்டர் டோஸைக் குறைச்சதும் மெல்ல சரியாச்சு.

இன்னொண்ணு. அதுக்கப்புறம் ஒருநாள் அப்பாகிட்ட, "என் மார்க்கை எல்லாருக்கும் பார்வர்ட் பண்ணாதீங்க"ன்னு கத்திட்டேன். அம்மா மாத்திரையோட சைடு எஃபெக்ட்னு பயந்துட்டாங்க. இல்லவே இல்லை! அது ரொம்ப வருஷமா இருந்த கோபம், சொல்லத்தான் தைரியம் இல்லை. எல்லாத்தையும் மாத்திரை மேல போடாதீங்க, ப்ளீஸ்.

புரசைவாக்கம் மெடிக்கல் ஷாப்:
பரீட்சை சீசன்ல கடைக்கு வந்து, "பையனுக்கு டென்ஷன், அவங்கம்மா போடற மாத்திரையில பாதி கொடுக்கலாமா?"ன்னு கேக்கறாங்க. அது குளோனசெபாம்.  டாக்டர் சீட்டில்லாம தரக்கூடாது. மேலே சொன்ன மாத்திரைங்க வகை வேற, இது வேற. இது உடனே மந்தமாக்கும். சில பிள்ளைங்களுக்குத் தலைகீழா எரிச்சல், அழுகை, முரட்டுத்தனம் வரும். பழகிட்டா விடறதும் கஷ்டம். மேடைப் பயத்துக்குன்னு புரொப்ரனலால் கேக்கறவங்களுக்கும் சொல்றேன், வீசிங் இருக்கிற பிள்ளைக்கு அது ஆபத்து.

அண்ணா நகர் கவுன்சலர்:
2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளுக்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது. ஆய்வுகளில் மருந்து எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது. யாரும் இறக்கவில்லை. அதனால் முதல் வாரங்களில் கண்காணிப்பு கட்டாயம். இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று ஓடாதீர்கள். 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பதற்றக் கோளாறுள்ள, 7 முதல் 17 வயது வரை 488 பேர். செர்ட்ராலினும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மருந்து மட்டும் என்றால் 55, வெற்று மாத்திரைக்கு 24. பெரம்பூர் அம்மா, நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், அழுகை வரும். இடையில் ஏதாவது பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பெரம்பூர் அம்மா:
கிளினிக்குக்கு போன் பண்ணிட்டேன், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பறவை விஷயம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தேதி போட்டு நோட்ல எழுதிட்டிருக்கேன்.

மடிப்பாக்கம் அப்பா:
மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். டாக்டர் வாயால கேட்டாதான் எங்கம்மாவே நம்பினாங்க.