கோவை 9 லட்சம், சென்னை 12.5, பெங்களூரு 14: ஒரே டிபிஏ வேலைக்கு ஏன் இவ்ளோ வித்தியாசம்?

கொங்கு_டிபிஏ:
வணக்கம் மக்களே. ஆரக்கிள் டிபிஏவா (கம்பெனி டேட்டாபேஸைப் பாத்துக்கிற வேலை) ஆறு வருஷம் ஆச்சு, இப்போ சரவணம்பட்டில ஒரு சர்வீஸ் கம்பெனில 9 லட்சம் சிடிசி (கம்பெனி வருஷத்துக்கு நமக்கு பண்ற மொத்த செலவு). ஆர்ஏசி (ஒரே டேட்டாபேஸை பல சர்வர்ல ஓட்டுறது), டேட்டா கார்டு (ரெடியா நிக்கிற ஸ்டாண்ட்பை காப்பி), ஆர்மேன் பேக்கப் எல்லாம் நான்தான் பாக்குறேன், மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற பேட்சிங்குக்கு ராத்திரி முழுக்க உக்காருறதும் நான்தான். இப்போ ரெண்டு ஆஃபர் கைல இருக்கு, சென்னை ஓஎம்ஆர்ல 12.5, பெங்களூரு ஒயிட்ஃபீல்டுல 14. வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான். வீட்ல அவங்க இங்க ஸ்கூல் டீச்சர், ஊர் மாறினா அந்த சம்பளம் கொஞ்ச நாளைக்கு நின்னுடும். எதை எடுக்கலாம், அப்புறம் ஊருக்கு ஊர் ஏன் இப்படி மாறுது?

மீனா_எஸ்க்யூஎல்:
தம்பி, முதல்ல சிடிசிய மறந்துட்டு கைக்கு என்ன வருதுன்னு பாருங்க. புது வரி முறைல ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 சேத்து 12.75 லட்சம் வரைக்கும் சம்பளத்துக்கு வரியே இல்ல, அதனால சென்னை ஆஃபருக்கு வரி பூஜ்யம். 14ல கம்பெனி போடுற பிஎஃப், கிராஜுவிட்டி கழிச்சு ஒரு 13.5 வருதுன்னு வைங்க, அதுக்கு செஸ்ஸோட 74,000 ரூபா கிட்ட வரி, ஏன்னா கோட்டைத் தாண்டிட்டா 4 லட்சத்துக்கு மேல இருக்குற ஸ்லாப் எல்லாத்துக்கும் வரி போடுவாங்க. ஆக அந்த ஒன்றரை லட்சம் வித்தியாசத்துல பாதி அங்கயே போச்சு. மீதிய ஒயிட்ஃபீல்டு வாடகை தின்னுடும், வீட்டு அட்வான்ஸே ஆறு மாசம் பத்து மாசம்னு கேக்குறாங்க. 14ல வேரியபிள் (பெர்ஃபாமன்ஸ் பாத்து தர்ற பங்கு) எவ்ளோன்னும் கேளுங்க, அது முழுசா வரும்னு நம்பி வீடு பாக்காதீங்க.

ஓஎம்ஆர்_வாசி:
அக்கா சொன்னது சரி, ஆனா ஊரை விட முக்கியம் யாருக்கு வேலை பாக்குறோம்ங்கறது. சர்வீஸ் கம்பெனில டிபிஏ ஒரு செலவுக் கணக்கு, கிளையண்ட்டுக்கு பில் பண்ற ரேட்டுக்குள்ளதான் நம்ம சம்பளம். அதே ஆள் ஒரு பேங்க்கோட சொந்த டெக் சென்டர்ல இருந்தா டேட்டாபேஸ் நின்னா பிசினஸே நிக்கும், அதனால அங்க கொஞ்சம் தாராளமா தர்றாங்க. அந்த மாதிரி சென்டருங்க பெங்களூரு, ஹைதராபாத்ல நிறைய இருக்கு, பக்கத்து பில்டிங்காரன் ஆளைத் தூக்கிடுவான்னு பயம் இருக்கறதால அங்க ரேட் ஏறுது. கோவைல அந்த போட்டி இன்னும் கம்மி. ஆரக்கிள் கூடவே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அமேசான் கிளவுட்ல ஓடுற ஏடபிள்யூஎஸ் ஆர்டிஎஸ் எல்லாம் தெரிஞ்சா எந்த ஊர்லயும் பேரம் பேசலாம்.

டாலஸ்_தமிழன்:
இங்கயும் இதே கதைதான் ப்ரோ. அமெரிக்க லேபர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பீரோ கணக்குப்படி 2024 மே மாசம் டிபிஏ மீடியன் (நடு ஆளோட சம்பளம்) வருஷத்துக்கு 1,04,620 டாலர், டேட்டாபேஸ் ஆர்கிடெக்ட்டுக்கு 1,35,980. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற அந்த 31,000 டாலர் வித்தியாசத்தைப் பாருங்க, ஊர் மாறாமலே டிசைன் பக்கம் போனா கிடைக்கிற காசு அது. கலிஃபோர்னியா சம்பளம் பெருசா தெரியும், ஆனா அங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் உண்டு, டெக்சாஸ்ல கிடையாது, வாடகையும் பே ஏரியால எக்கச்சக்கம். ஹெச்1பி வேலை விசா போடுறப்ப அந்தந்த ஏரியாவுக்கு நாலு லெவல்ல ப்ரிவைலிங் வேஜ் (அந்த வேலைக்கு அங்க நடப்புல இருக்குற சம்பளம்)னு லேபர் டிபார்ட்மென்ட் வெச்சிருக்கு, ஆன்லைன்ல யார் வேணா தேடலாம், ஊருக்கு ஊர் ரேட் எப்படி மாறுதுன்னு அதுலயே பளிச்னு தெரியும்.

கொங்கு_டிபிஏ:
வரி விஷயம் யோசிக்கவே இல்ல அக்கா, ரொம்ப நன்றி. ஒயிட்ஃபீல்டுகாரங்க கோவைல இருந்தே ரிமோட்டா பாக்கலாம்னா 12 தான் தருவோம்ங்கறாங்க, இது நியாயமா?

மீனா_எஸ்க்யூஎல்:
கிட்லாப் மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனிங்களே லொகேஷன் ஃபேக்டர்னு வெளிப்படையா வெச்சு ஊரைப் பாத்துதான் சம்பளம் போடுறாங்க, அதனால குறைக்கறது புதுசு இல்ல. ஆனா உங்க கணக்குக்கு அந்த 12 தான் பெஸ்ட்னு நான் சொல்வேன், வரி இல்ல, வீட்ல அவங்க சம்பளமும் நிக்காது. ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸுக்கு வான்னு கூப்பிட்டா அப்போ 14 ஆக்குவாங்களான்னு மட்டும் ஆஃபர் லெட்டர்ல எழுதி வாங்குங்க, ஆன்-கால் அலவன்ஸையும் (ராத்திரி பிரச்சனைன்னு கூப்பிட்டா எழுந்து பாக்குறதுக்கான காசு) சேத்து. வாய்ல சொன்னதை எந்த ஹெச்ஆரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.