கலைச்சொல் வேண்டும்: 'ஆன்டி-இன்டலெக்சுவலிசம்' (வெள்ளிக்குள்)

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக அமெரிக்க அரசியல் வரலாறு தமிழில் தயாராகிறது. அதில் ஓர் இயல் என் தலையில் விழுந்திருக்கிறது, தலைப்பே 'ஆன்டி-இன்டலெக்சுவலிசம்'. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர் 1963இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது, இயலின் முன்பாதி அதைத் தழுவியது. பின்பாதி அங்கதம் பற்றியது. 2006இல் வந்த 'இடியாக்ரசி' படத்தில் காட்டியதை நிஜ அரசியல் மிஞ்சிவிட்டதா என்று ஒரு கேள்வி. இப்போதைக்கு 'அறிவு எதிர்ப்புவாதம்' என்று போட்டிருக்கிறேன், பார்க்கப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். உதவுங்கள்.

நன்னூலான் எழுதியது:

அம்மா, முதலில் அதைச் சேர்த்து எழுதுங்கள், 'அறிவெதிர்ப்பு'. 'அறிவு' குற்றியலுகரம் இல்லையே, எப்படி உகரம் கெடும் என்று இங்கே ஒருவர் கிளம்புவார், அவருக்கு முன்கூட்டியே பதில்: 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூலார் வழி விட்டிருக்கிறார், கதவு + அழகு கதவழகு ஆகும்போது அறிவு மட்டும் என்ன பாவம் செய்தது? 'வாதம்' வேண்டாம். வடசொல் என்பது ஒரு பக்கம், வாதம் என்றால் நம் ஊரில் கைகால் இழுத்துக்கொள்ளும் நோய்.

ஆனால் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கட்சி. திருக்குறளில் 85ஆம் அதிகாரம் எதற்கு இருக்கிறது? புல்லறிவாண்மை. தனக்கு இருப்பது சிற்றறிவு, அதையே பேரறிவாக மதித்துக்கொண்டு உயர்ந்தோர் சொல்லும் உறுதிச்சொல்லைக் கொள்ளாமை என்று பரிமேலழகர் விளக்குகிறார். 'வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு' என்ற குறளைப் படித்துவிட்டு 2015இல் புவி வெப்பமாதலை மறுக்க ஒரு செனட்டர் அவைக்குள் பனி உருண்டை கொண்டுவந்த காட்சியைப் பாருங்கள். வள்ளுவர் வாஷிங்டன் போகாமலே எழுதியிருக்கிறார். புல்லறிவு என்ற பொருளில் 'வெண்மை' என்பதையேகூட எடுத்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரையான் எழுதியது:

ஐயா, அமெரிக்க அரசியல் பாடத்தில் 'வெண்மைவாதம்' என்று அச்சிட்டால் மாணவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதற்கு வேறு இயல் இருக்கிறது.

சுருக்கெழுத்து எழுதியது:

பத்திரிகைக்காரன் சொல்கிறேன். 'புல்லறிவாண்மை' என்று தலைப்புப் போட்டால் பாதிப் பேர் தாவரவியல் புத்தகம் என்று வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் தமிழ்ப் பாடம் என்று வைத்துவிடுவார்கள். 'அறிவுஜீவி எதிர்ப்பு'. ஊரில் எல்லாருக்கும் அறிவுஜீவி தெரியும், எதிர்ப்பு தெரியும். முடிந்தது.

நன்னூலான் எழுதியது:

முடியவில்லை. 'அறிவு' தமிழ், 'ஜீவி' வடமொழி, இரண்டையும் ஒட்டிவைத்த கலப்புச்சொல் அது. பொருளாவது சரியா? அறிவைக் கொண்டு சீவனம் நடத்துகிறவன். அப்படிப் பார்த்தால் கணக்குப்பிள்ளையும் அறிவுஜீவிதான்.

மூலத்துக்குப் போவோம். 'இன்டலெக்ட்' இலத்தீன் வழி வந்தது. 'இன்டர்' என்றால் இடையே, 'லெகெரே' என்றால் பொறுக்கி எடுத்தல். பலவற்றுக்கு இடையே தேர்ந்தெடுப்பதுதான் அறிவு. தமிழில் 'தெரி' என்ற வேருக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு, அறிதல் ஒன்று, தேர்ந்தெடுத்தல் ஒன்று. 'தெரிந்து தெளிதல்' என்று அதிகாரமே இருக்கிறது. ஆகவே இன்டலெக்சுவல் 'தெரிஞர்'. கவி கவிஞர் ஆவதுபோல. நம் சொல்: 'தெரிஞர்ப்பகை'. இதில் அரசியலும் அடங்கியிருக்கிறது: வாக்காளரும் தெரிகிறவர், அறிஞரும் தெரிகிறவர், இருவருக்கும் இடையே பகை.

சுருக்கெழுத்து எழுதியது:

'தெரிஞர்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'தெரிஞ்சவர்' மாதிரியே இருக்கிறது. தெரிஞ்சவர்ப்பகை நம் ஊரிலும் தாராளமாக உண்டு, அதற்கு அமெரிக்கா போக வேண்டாம்.

ஏரிக்கரையான் எழுதியது:

இருபத்தைந்து வருடமாக ஒகாயோவில் இருக்கிறேன், இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன். சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். நீங்கள் எல்லாரும் இதை அறியாமை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள், புல்லறிவாண்மை உட்பட. அறியாமை எல்லா நாட்டிலும் இருக்கிறது. இது வேறு சரக்கு. படித்தவர் மீதான சந்தேகத்தை வாக்காக மாற்றும் வித்தை, அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள்.

பட்டியலைப் பாருங்கள். 'தனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்வதற்குத் தேவையைவிட அதிகமான சொற்களைச் செலவழிப்பவர்' என்று அறிவுஜீவிக்கு 1954இல் இலக்கணம் சொன்னவர் ஐசன்ஹோவர். அவர் வெள்ளை மாளிகைக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தார்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவர். 2012இல் எல்லாரும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாரா ஒபாமா, என்ன ஒரு பவுசு என்று மிச்சிகனில் கைதட்டல் வாங்கிய குடியரசுக் கட்சி அரசியல்வாதி ரிக் சான்டோரமிடம் மூன்று பட்டங்கள். 2021இல் 'பேராசிரியர்களே எதிரிகள்' என்ற முன்னாள் அதிபர் நிக்சனின் வாசகத்தை மேடையில் ஒப்புதலோடு மேற்கோள் காட்டிய குடியரசுக் கட்சி அரசியல்வாதி ஜே.டி. வான்ஸ் யேல் சட்டப்பள்ளியில் படித்தவர், நிக்சனும் டியூக்கில் சட்டம் படித்தவர்தான். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர் யாருமே இதில் இல்லை. இவர்களைப் போய்ப் புல்லறிவாளர் என்றால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள், அவர்களுக்கு வேண்டியதே அந்த வசவுதான். பார்த்தீர்களா, உங்களையும் என்னையும் எப்படிக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லலாம்.

அதனால் எதிர்ப்பு அறிவின் மேல் இல்லை, அறிவுடையோர் என்ற வகுப்பின் மேல். சொல்லில் ஆள் இருக்க வேண்டும்.

வடமராட்சியான் எழுதியது:

ஆள் இருக்க வேண்டும் என்றால் எங்கள் பக்கம் ஏற்கனவே சொல் இருக்கிறது. இலங்கையில் பத்திரிகை, பல்கலைக்கழகம், மேடை எல்லாவற்றிலும் 'புத்திஜீவி' என்பதுதான் வழக்கு. 'புத்திஜீவி எதிர்ப்பு'. இரண்டு பாதியும் ஒரே மொழி, நன்னூலான் ஐயாவின் கலப்புப் புகாருக்கும் இடமில்லை.

நன்னூலான் எழுதியது:

தம்பி, கலப்பில்லாத வடமொழி என்பது எனக்கு ஆறுதலா?

பொருநை எழுதியது:

ஏரிக்கரையான் அண்ணா சொன்னது மிகவும் உதவியது. இயலுக்குள்ளே வேறு சில சிக்கல்கள். 1952 தேர்தலில் ஐசன்ஹோவரை எதிர்த்து நின்ற அட்லாய் ஸ்டீவன்சனுக்கும் அவர் ஆதரவாளர்களுக்கும் ஒட்டிக்கொண்ட 'எக்ஹெட்' என்ற பெயரை 'முட்டைத்தலையர்' என்று பெயர்த்திருக்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளுக்கு முட்டை என்றால் பரீட்சையில் வாங்குவது. படிப்பில் புலி என்று கிண்டல் செய்த சொல் 'பூச்சியம் வாங்கியவன்' என்று தலைகீழாகப் போய்விடும். இன்னொன்று, 1850களின் 'நோ நத்திங்' கட்சி. 'ஒன்றுமறியார் கட்சி' என்று போட்டால் மாணவர்கள் இதையும் இந்தத் தலைப்பில் சேர்த்துவிடுவார்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

சேர்க்கவே கூடாது. அது குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த கட்சி, ரகசியச் சங்கமாகத் தொடங்கியது. யாராவது கேட்டால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று உறுப்பினர்கள் சொல்ல வேண்டும், பெயர் அப்படி வந்தது. 1856இல் மில்லர்ட் ஃபில்மோரை நிறுத்தி மேரிலாந்தை மட்டும் வென்றார்கள். 'தெரியாதென்போர் கட்சி' என்று போடுங்கள், 'என்போர்' அங்கே முக்கியம்.

எக்ஹெட்டுக்கு 'மண்டைக்காரர்' போதும், மண்டையுள்ளவர் என்ற மரியாதையும் கிண்டலும் சேர்ந்தே வரும். சைக்கிளைக்கூட நேராக நிறுத்தத் தெரியாதவர்கள் என்று அலபாமா ஆளுநராக இருந்த ஜார்ஜ் வாலஸ் ஏசிய 'பாயின்ட்டி-ஹெட்' ஆட்களுக்கு 'கூர்மண்டையர்'.

சுருக்கெழுத்து எழுதியது:

மண்டைக்காரர் நன்று. அங்கதப் பகுதிக்கு வாருங்கள், அங்கேதான் எனக்கு ஆர்வம்.

நன்னூலான் எழுதியது:

அங்கதத்துக்குச் சொல் தேட வேண்டாம், தொல்காப்பியரே செய்யுளியலில் இரண்டாகப் பிரித்திருக்கிறார். வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம், மறைத்து மொழிந்தால் பழிகரப்பு. தொண்டைமானிடம் ஔவை, உன் படைக்கலங்கள் பீலி அணிந்து நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளே, அது பழிகரப்பு. கேட்டவனுக்கு உறைத்திருக்கும்.

ஏரிக்கரையான் எழுதியது:

உறைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த இயலின் பின்பாதி, ஐயா! ஸ்டீவன் கோல்பெர் 2005 முதல் பழமைவாதத் தொகுப்பாளர் வேடம் போட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார், முழுக்க முழுக்க வஞ்சப்புகழ்ச்சி. 2009இல் ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 332 பேரிடம் அதைக் காட்டிக் கேட்டார்கள். சிரிப்பு எல்லாருக்கும் வந்தது. ஆனால் பழமைவாதிகள் பலர் 'இவர் கிண்டல் செய்வதுபோல நடிக்கிறார், உள்ளுக்குள் நம் ஆள்' என்று நினைத்தார்கள். 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளைக் கேட்டுவிட்டுக் கயவர்கள் நன்றி சொன்னால் எப்படி இருக்கும்?

மறுபக்கமும் உண்டு. 'என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது' என்று குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் சொன்னதாக இன்றைக்கும் படித்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். சொன்னது 2008இல் அவரைப் போல நடித்த நகைச்சுவை நடிகை டீனா ஃபே. பேலின் சொன்னது, அலாஸ்காவில் ஓரிடத்தில் நின்றால் ரஷ்யா தெரியும் என்பது, அது பூகோளப்படி உண்மை. அதே ஃபே சில வாரங்களில் இன்னொரு நேர்காணலை நடித்தபோது பேலினின் சொந்த வாக்கியங்களையே ஏறக்குறைய அப்படியே பேசினார், அதற்கும் அரங்கம் சிரித்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்துங்கள் பொருநை, வேறு எதுவும் தேவையில்லை.

சுருக்கெழுத்து எழுதியது:

எனக்குப் பிடித்தது 1970. உச்ச நீதிமன்றத்துக்கு நிக்சன் நிறுத்திய கார்ஸ்வெல் சராசரி ஆள் என்று புகார் வந்தது. ஆதரிக்க எழுந்த செனட்டர் ஹ்ரஸ்கா, சராசரியானவர்கள் நாட்டில் ஏராளம், அவர்களுக்கும் கொஞ்சம் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்றார். எந்த நகைச்சுவை எழுத்தாளனும் இதை எழுதிவிட்டு, ரொம்ப அதிகம் என்று அடித்துவிடுவான். 51-45 என்று நியமனம் தோற்றது.

வடமராட்சியான் எழுதியது:

1897இல் வட்டத்தைச் சதுரமாக்கும் ஒரு மருத்துவரின் தவறான கணக்கை இந்தியானா கீழவை எதிர்ப்பில்லாமல் சட்டமாக நிறைவேற்றியதையும் சேருங்கள். அதன்படி பை 3.2 ஆகிவிடும். வேறு வேலையாக வந்திருந்த ஒரு கணிதப் பேராசிரியர் பார்த்துப் பதறி மேலவையில் தடுத்தார்.

ஏரிக்கரையான் எழுதியது:

சுவையான கதை, ஆனால் இந்த இயலில் வேண்டாம். அங்கே பேராசிரியர் சொன்னதும் மேலவை கேட்டுக்கொண்டது! அறியாமை இருந்தது, எதிர்ப்பு இல்லை.

'இடியாக்ரசி'யிலும் இதே கோளாறு. 2505இல் எல்லாரும் மடையர்கள், பயிருக்குக் குளிர்பானம் ஊற்றுகிறார்கள், அதிபர் ஒரு மல்யுத்தக்காரர். டிரம்ப் வந்ததும் படம் பலித்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், படத்தின் கதாசிரியர்களில் ஒருவரே 2016இல் இது ஆவணப்படம் ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதினார். ஆனால் படத்தில் அந்த மடைய அதிபர் என்ன செய்கிறார்? உலகிலேயே புத்திசாலி ஒருவன் கிடைத்ததும் அவனை மந்திரியாக்கி, பஞ்சத்தைத் தீர்த்துக்கொடு என்று கேட்கிறார். 2019இல் நிஜத்தில் டோரியன் புயல் அலபாமாவைத் தாக்கும் என்று அதிபர் சொல்ல, தாக்காது என்று வானிலை அலுவலகம் சொல்ல, சில நாளில் வரைபடத்தில் கறுப்பு மசியால் அலபாமா வரை கோடு இழுத்துக் காட்டினார்கள். படத்து அதிபருக்கு அறிவு இல்லை, அறிவாளி மேல் பகையும் இல்லை. படம் எடுத்தவர்கள் நோயை மூளையில் தேடினார்கள், அது இருந்தது வேறிடத்தில்.

பொருநை எழுதியது:

இதை இயலில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா, படத்தலைப்பை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுகிறேன்.

நாளை வெள்ளி. தனிமடலிலும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'அறிவுஜீவி எதிர்ப்பு' போதும் என்கிறார்கள், சிலர் 'என்னவோ ஒன்று போடுங்கள்' என்கிறார்கள். அதையே தலைப்பாக்குகிறேன். அடிக்குறிப்பில் இலங்கை வழக்கு 'புத்திஜீவி' என்று சேர்க்கிறேன். புல்லறிவாண்மை வேறு, இது வேறு என்று ஒரு பத்தியும் எழுதியிருக்கிறேன், ஐயாவின் குறளோடு.

நன்னூலான் எழுதியது:

குறளை 'இது அதுவன்று' என்று காட்டவா பயன்படுத்துகிறீர்கள்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். குறைந்தபட்சம் 'அறிவுசீவி' என்று கிரந்தம் நீக்கியாவது எழுதுங்கள்.

சுருக்கெழுத்து எழுதியது:

சீவி என்றால் தலை சீவுவது, ஐயா.

வடமராட்சியான் எழுதியது:

அடிக்குறிப்புக்கு நன்றி. ஆனால் எங்கள் பிள்ளைகள் இந்த நூலைப் படித்தால் தலைப்பில் ஒரு சொல்லும் அடியில் ஒரு சொல்லும் கிடக்கும். இரண்டையும் தலைப்பிலேயே போட இடமில்லையா?

பொருநை எழுதியது:

இடமில்லை. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.