அண்ணனுக்குத் தம்பி எழுதிய கடிதங்கள்

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகருக்கு வேலை மாறி வந்த புதிதில், ஒஹையோ ஆற்றங்கரையில் யார்க் என்பவரின் வெண்கலச் சிலையைப் பார்த்தேன். அமெரிக்கப் படை அதிகாரிகளான மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் 1804 முதல் 1806 வரை பசிபிக் கடற்கரைவரை நடத்திய ஆய்வுப் பயணத்தில் உடன் சென்ற ஒரே கறுப்பினத்தவர் அவர். வில்லியம் கிளார்க்கின் அடிமை. பயணம் முடிந்தபின் படைவீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. யார்க்குக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தேடித்தான், தம்மினும் இருபது வயது மூத்த அண்ணன் ஜோனதனுக்கு கிளார்க் எழுதிய கடிதங்களுக்கு வந்து சேர்ந்தேன். அவை இவ்வூர் வீடொன்றின் பரணில் நெடுங்காலம் கிடந்தவை.

கிளார்க்கின் எழுத்துப்பிழைகளை அச்சுப் பதிப்பிலும் அப்படியே விட்டிருந்ததால், வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குச் சொற்கள் பிடிபட்டன. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அடுத்த அறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

1808 நவம்பரில் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில், யார்க்கைச் சில வாரங்களுக்கு லூயிவிலில் உள்ள யார்க்கின் மனைவியிடம் அனுப்பப்போவதாக கிளார்க் சொல்கிறார். அங்கேயே தங்கிக் கூலிக்கு உழைக்க யார்க் அனுமதி கேட்டாராம், கிளார்க் மறுத்துவிட்டாராம், ஓட முயன்றால் நியூ ஆர்லியன்ஸில் விற்றுவிட வேண்டுமாம். அடுத்த மே மாதம், யார்க்கைக் கடுமையாக அடித்ததாகவும் அதன்பின் அவர் திருந்தியிருப்பதாகவும் எழுதுகிறார். வீட்டுச் செய்தியோடு செய்தியாக, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் அது வருவதுதான் என்னை நிலைகுலைய வைத்தது.

அதே காலத்தில் செயின்ட் லூயிஸின் அரசியலும் புகைந்துகொண்டிருந்தது. லூசியானா பிரதேசத்தின் ஆளுநராயிருந்த மெரிவெதர் லூயிஸுக்கும் பிரதேசச் செயலர் ஃபிரெடரிக் பேட்ஸுக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தது. ஒரு நடன விருந்தில் லூயிஸ் தம் நாற்காலியை அருகில் இழுத்துப் போட, பேட்ஸ் எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய்விட்டார். இதைப் பெருமையோடு தம் சகோதரருக்கு எழுதியவரும் பேட்ஸேதான். பேட்ஸை வெளியே அழைத்து வரும்படி லூயிஸ் சொல்ல, கைகலப்பில் முடியும் என்று அஞ்சி கிளார்க் மறுத்திருக்கிறார். பிறகு சமரசம் பேசப்போன அவரிடம், நீங்கள் நண்பராக வந்தாலும் லூயிஸிடமிருந்து உங்களைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று பேட்ஸ் கைவிரித்துவிட்டார். இதற்கிடையே லூயிஸ் அனுப்பிய செலவுச் சீட்டுகளை வாஷிங்டனிலிருந்த மைய அரசு ஏற்க மறுத்தது. விளக்கம் சொல்லப் புறப்பட்ட அவர் 1809 அக்டோபர் 11 அன்று டென்னசியின் வழித்தங்கல் ஒன்றில் துப்பாக்கிக் காயங்களுடன் இறந்தார்.

செய்தித்தாளில் அதைக் கண்ட கிளார்க், அக்டோபர் 28 அன்று அண்ணனுக்கு எழுதுகிறார்: மனத்தின் பாரம் அவரை வென்றுவிட்டதோ என்று அஞ்சுகிறேன். லூயிஸின் காகிதங்கள் என்னவாகும் என்றும் பதறுகிறார். அந்தத் துயரம் பொய்யென்று என்னால் சொல்ல முடியாது; ஆனால் ஐந்து மாதத்துக்கு முந்தைய கடிதத்தை மறந்துவிட்டும் அதைப் படிக்க முடியவில்லை.

1811இல் கிளார்க்கின் சகோதரி மகன் லூயிவிலிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றும் எஞ்சியிருக்கிறது. யார்க்கைக் கூலிக்கு எடுத்தவர் அவருக்குச் சரியான உடைகூடத் தரவில்லையாம். யார்க்கின் மனைவியின் உரிமையாளர்கள் விரைவில் தெற்கே தொலைவிலுள்ள நாட்செஸ் ஊருக்குக் குடிபெயரவிருப்பதாகவும், அவளையும் கூட்டிச் செல்லப்போவதாகவும் அதில் இருக்கிறது.